தஹானிக்காகப் போட்ட கையெழுத்து

முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, தஹானி வேலைக்குத் திரும்பியபோது அவளுடைய மேசையில் அவளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். யாரோ அவளைப் போன்ற ஒருத்தி என்று நினைத்துக்கொள்ள வழியே இல்லை. வலது தோள் காதுவரை ஏறி, இடது தோள் இறங்கி, முதுகு வலப்பக்கம் புடைத்து, இடது விலா இடுப்பெலும்பின் மேல் போய் உட்கார்ந்திருந்த அந்த உடம்போடு தஹானிக்கு இருபத்தெட்டு வருடப் பழக்கம். கெய்ரோவுக்கு ரயிலேறிய அன்று போட்டிருந்த சாம்பல் நிற ஸ்வெட்டர்கூட அதேதான், முழங்கையில் ஒட்டுப் போட்டது. மேசையில் இருந்தவள் பேனாவை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்து, "வரிசையில வாங்கம்மா, எல்லாருக்கும் எழுதித் தருவேன்" என்றாள். தஹானி போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள்.

இது எப்படி நேர்ந்தது என்பதில் அந்த அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. போர்ட் சயீதில் துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், பிறப்பும் இறப்பும் பதிகிற சின்ன அலுவலகம் அது. காலையில் வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வராதவருக்கு வந்தவர் போட்டுவிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல், கால்வாயில் பெரிய கப்பல் குறுக்கே வந்து படகு நின்றுவிட்டது, மீன் சந்தையில் நல்ல இறால் வந்திருக்கிறது, காரணம் எதுவானாலும் சரி. இதைத் தப்பு என்று சொல்கிறவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பத்தொன்பது வருட வேலையில் தஹானியே எட்டுப் பேருடைய கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகியிருந்தாள். அதனால் அவள் விடுப்பு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்த அன்று, அடுத்த மேசையின் மதாம் ஷுக்ரியா அதை வாங்கி நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

"லீவு கேட்டு எழுதினா காகிதம் மேல போகும்டி. மேல ஒருத்தரோட மச்சினிச்சி மூணு வருஷமா உன் நாற்காலியைத்தான் கண்ணு வச்சிருக்கா. நாற்காலியை சும்மா விட்டு வைக்கக் கூடாது. நீ போய் முதுகை நிமித்திக்கிட்டு வா, கையெழுத்தை நான் பாத்துக்கறேன்."

ஷுக்ரியா சொன்னதைச் செய்கிறவள். அவ்வளவு பெரிய உடம்புக்குள் அவ்வளவு பெரிய மனசு இருந்ததை அந்தத் தெருவே அறியும். தஹானியின் கையெழுத்து வலப்பக்கமாகச் சாய்ந்து போய் கடைசியில் ஒரு வளைவில் முடியும்; அது சரியாக வரவேண்டும் என்பதற்காக ஷுக்ரியா ஒவ்வொரு காலையும் தன் உடம்பையே ஒருக்களித்து, வலது தோளைத் தூக்கிக்கொண்டு எழுதினாள். தன் பெயரைக் கிறுக்கிவிட்டு தஹானியின் பெயரைப் பொறுமையாகப் போட்டாள். போடும்போது, நல்லபடியாகத் திரும்பி வரட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். தேநீர் போடும் பஷந்தி, வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்தோ அத்தனை கோப்பை வைக்கிறவன் என்பதால், தஹானியின் மேசையிலும் இரண்டரைக் கரண்டி சர்க்கரை போட்டு ஒரு கோப்பை வைத்தான். மூன்றாவது வாரம் அந்தக் கோப்பை காலியாகத் திரும்பியது. ஐந்தாவது வாரம், யாரும் எழுதாத பதினோரு பிறப்புகள் தஹானியின் எழுத்தில் பதிவாகியிருந்தன. நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது வளைந்த முதுகோடு ஒரு தஹானியே நாற்காலியில் இருந்தாள். கையெழுத்து தினமும் விழுகிறது, ஆளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் தத்தம் வேலையைப் பார்த்தார்கள்.

கெய்ரோவில் தஹானியை ஏழு மணி நேரம் குப்புறப் போட்டு, பன்னிரண்டு முள்ளெலும்புகளை இரண்டு உலோகக் கம்பிகளோடு இருபத்திரண்டு திருகாணிகளால் பிணைத்தார்கள். பதின்மூன்று வயதில் வளையத் தொடங்கிய முதுகு அது. போருக்குப் பயந்து ஊரே காலியாகி, அவள் குடும்பம் டெல்டாவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை நான்கு குடும்பங்களோடு பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு பெண்பிள்ளையின் முதுகைத் திரும்பிப் பார்க்க அப்போது யாருக்கு நேரம் இருந்தது? நாற்பத்தொன்றாம் வயதில், படகின் படி ஏறினாலே மூச்சு வாங்குகிற நிலை வந்த பிறகுதான் அவளே முடிவெடுத்தாள். எழுந்து நின்றபோது ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். கட்டிலிலிருந்து கட்டையைப் போல் உருண்டு இறங்கவும், கீழே விழுந்த சாவியைக் கால் விரலால் நெம்பி எடுக்கவும் மறுபடி கற்றுக்கொண்டாள். எடை கூடக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் தேநீருக்கு ஒரே கரண்டி சர்க்கரை என்றானது. முதுகின் நடுவில், தழும்பின் இருபுறமும், கையகல இடத்துக்கு உணர்ச்சி வரவில்லை. அங்கே அவள் விரலால் தொட்டால் வேறு யாரையோ தொடுவதாகத் தோன்றியது.

எட்டாவது ஆளாக அவள் மேசையை அடைந்தபோதுதான் ஷுக்ரியா தலை தூக்கிப் பார்த்தாள். பார்த்ததும் வாயில் இருந்த ரொட்டியோடு அழ ஆரம்பித்தாள். "யா ரப்பி, பள்ளிவாசல் மினாரா மாதிரி நிக்கறாளே!" என்று எழுந்து ஓடி வந்தவள், கட்டிப்பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தஹானியின் இரண்டு முழங்கைகளையும் பிடித்துக்கொண்டாள். தஹானி கண்ணாலேயே மேசையைக் காட்டினாள். ஷுக்ரியா குரலைத் தாழ்த்தி, "நான்தான் தப்பு பண்ணிட்டேன். கொஞ்சம் அதிகமா நல்லாவே போட்டுட்டேன் போலிருக்கு" என்றாள்.

முதல் இரண்டு வாரம் தஹானி பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது, எழுந்து நிற்பாள். நின்றால் கால் மரக்கும், உட்காருவாள். பதிவேடுகள் ஒவ்வொன்றும் ஆறு கிலோ. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. குனியக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார். வளைந்தவளோ பதிவேட்டை இடுப்பில் அணைத்து ஒரு புரட்டில் மேசைக்கு ஏற்றினாள், தஹானி பத்தொன்பது வருடம் ஏற்றிய அதே விதத்தில். மக்களும் அவளிடம்தான் போனார்கள். வளைந்த முதுகுக்காரி கையால் பிள்ளையின் பெயர் ஏறினால் ஊர்க்கண் அவள் முதுகில் தடுக்கி நின்றுவிடும், பிள்ளையிடம் வராது என்று அந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு நம்பிக்கை. இதற்காகவே அடுத்த வட்டத்திலிருந்தும் கைக்குழந்தையோடு வருவார்கள். தஹானிக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவாள். இப்போது அவள், "இங்க வாங்க, நான் எழுதறேன்" என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டபோது அந்தப் பெண் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, "நான் அந்த அக்காகிட்டயே எழுதிக்கறேன்" என்றாள்.

வலியைவிட இதுதான் அவளை அறுத்தது. ஐந்து மாதம் அவள் ஊரில் இல்லை, ஒருவரும் அவளைத் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமே வரவில்லை. கால்வாயைக் கடக்கும் படகில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஓரத்து இருக்கையை ஒதுக்கிக்கொடுத்த, படகைக் கரையில் கட்டும் கயிறுக்காரன் அவளை அடையாளம் தெரியாமல், "உள்ள தள்ளிப் போங்க மேடம்" என்றான். கால்வாயின் மறுகரையில், போர்ட் ஃபுவாதில், அவள் வீட்டுக் கண்ணாடி பழைய உயரத்துக்கு மாட்டியது. அதில் இப்போது கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது. நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டாள்! நிமிர்ந்த பிறகு, அந்த ஆசையைப் பட்டவள் எங்கேயோ கீழே விடுபட்டுப் போனதாகப் பட்டது. அவள் எங்கே என்று தேடவும் வேண்டியதில்லை. காலையில் எட்டு மணிக்குப் போனால் மேசையில் இருந்தாள்.

தலைமை எழுத்தர் ஹில்மி சண்டை சச்சரவு பிடிக்காத மனிதர், வழுக்கையைத் தடவிக்கொண்டே காலம் தள்ளுகிறவர். ஆனால் மாத முதல் தேதி மேலிடத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார் என்று கடிதம் வந்தபோது அவருக்கும் தடவ வழியில்லாமல் போனது. தஹானியை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"பாரும்மா, பட்டியல்ல ஒரு தஹானிதான். உன்னை வேலைக்கு எடுத்தது உடல்குறை உள்ளவங்க ஒதுக்கீட்டுல. கோப்புல என்ன எழுதியிருக்கு? முதுகு வளைவு, வலது தோள் உயரம். ஆய்வாளர் கோப்பைப் பாப்பாரு, அவளைப் பாப்பாரு, உன்னைப் பாப்பாரு. யாரை வீட்டுக்கு அனுப்புவாரு, நீயே சொல்லு?"

"அப்போ நான் யாரு சார்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் ஹில்மி. கேலியாகச் சொல்லவில்லை. பிறகு, ஷுக்ரியாவைக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தச் சொல்லும்படியும், அதற்கு மேல் நடப்பது அல்லாவின் கையில் என்றும் சொன்னார்.

தஹானியே ஷுக்ரியாவிடம் போய்ச் சொன்னாள். தன் கையெழுத்தைத் தானே போட்டுப் பார்த்தாள். அது நேராகப் போய் நேராகவே நின்றது, பதிவேட்டில் இருந்த எதனோடும் ஒட்டவில்லை. மறுநாள் காலை தஹானியின் பழைய கையெழுத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. பஷந்தி அந்த மேசைக்குக் கோப்பை வைக்கவில்லை. வளைந்தவள் யாரிடமும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு அவள் பேனாவில் மை ஓடவில்லை. மறுநாள் பதிவேட்டைத் தூக்க இரண்டு முறை முயன்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் ஸ்வெட்டரின் ஒட்டுக்குப் பின்னால் நாற்காலியின் கம்பு தெரிந்தது. தாய்மார்கள் வரிசையில் நின்று, மேசையில் யாரும் இல்லாததைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். தஹானி பார்வையாளர் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் போதும். நாற்காலி, பெயர், மேசை, எல்லாம் அவளுடையது. பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், பகல் ஒரு மணிவரை.

ஒரு மணிக்கு வளைந்தவள் இடது கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பை அரை அங்குலம் மேலே தூக்கினாள். தஹானிக்கு அது என்னவென்று தெரியும். விலா இடுப்பெலும்பில் உரசுகிற நேரம் அது, தினமும் அதே நேரம். பத்தொன்பது வருடம் அவள் அதை யாருக்கும் தெரியாமல் செய்திருக்கிறாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த பிள்ளையின் பெயரைக் கேட்டிருக்கிறாள். ஒருவராவது கவனித்து, என்ன ஆச்சு என்று கேட்டதில்லை. தஹானி எழுந்து அந்த மேசைக்குப் போனாள். கீழ் இழுப்பறையில் அவள் வைத்திருந்த சின்னத் தலையணை இருந்தது. குனிய முடியாததால் முழங்காலை மடக்கி நேராக உட்கார்ந்து அதை எடுத்து, வளைந்தவளின் இடது இடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அந்தப் புடைப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எக்ஸ்ரே படத்தில் பார்த்திருக்கிறாளே தவிர, அவள் ஒருநாளும் முழுதாகத் தொட்டதில்லை. சூடாக இருந்தது. அவளுடைய சொந்த முதுகில், உணர்ச்சி செத்த இடத்தில், யாரோ கை வைத்தது தெரிந்தது.

"உங்க பிள்ளைக்கு என்ன பேரும்மா?" என்று வளைந்தவள் கேட்டாள், குரல் தூரத்திலிருந்து வந்தது.

"பிள்ளைக்கு இல்ல. உனக்குத்தான் பேர் எழுத வந்திருக்கேன்" என்றாள் தஹானி.

பதிவில் விடுபட்டவர் என்று ஒரு பிரிவு உண்டு. அந்த ஊரில் அதற்கு எப்போதும் ஆள் இருக்கும். ஒவ்வொரு போருக்கும் ஊரைவிட்டு ஓடி ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தவர்கள், வழியில் பிறந்தவர்கள், பிறந்தும் எழுதாமல் போனவர்கள் என்று ஐம்பது வயதிலும் வந்து தங்கள் பிறப்பைப் பதிந்துகொண்டு போவார்கள். மருத்துவர் பல்லையும் எலும்பையும் பார்த்து வயது சொல்ல வேண்டும், இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெயருக்கு தஹானி யோசிக்கவே இல்லை. தனக்கு ஒரு தங்கை பிறந்திருந்தால் அம்மா என்ன பெயர் வைத்திருப்பாள் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்: அமானி. ஷுக்ரியாவை விட்டு அன்று ஒரே ஒரு முறை பழைய கையெழுத்தைப் போடச் சொன்னாள், ஆள் மருத்துவர் அறைவரை நடந்து போகவேண்டுமே. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எழுபத்தெட்டு டிகிரி வளைவு, வயது நாற்பத்தொன்று என்று எழுதினார். பஷந்தியும் படகுக் கயிறுக்காரனும் சாட்சி. இவள் தஹானியோடு பிறந்தவளா என்று ஹில்மி கேட்டதற்கு, "கூடவே பிறந்தவதான் சார், கூடவே இருந்தவ" என்று பஷந்தி சத்தியம் செய்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆய்வாளர் வந்த அன்று பிறப்பு மேசையில், உடல்குறை உள்ளவர் ஒதுக்கீட்டில், ஹில்மி பட்டியலில் சேர்த்த அமானி இருந்தாள். வசந்தத்தில் பழைய எழுத்தர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து எல்லோரும் உட்கார மறுத்த இறப்பு மேசையில் தஹானி நின்றுகொண்டிருந்தாள். மேலிடத்து மச்சினிச்சிக்குக் கல்வித் துறையில் இடம் கிடைத்ததாகச் சொன்னார்கள். இறப்புப் பதிவேடுகளை மேல்தட்டில் அடுக்கிக் கொடுத்தது பஷந்தி. இரண்டு மணிக்கு அலுவலகம் முடிந்தபோது அமானி எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் போக இடம் தெரியாது; விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்தாள் என்பதை அவளும் சொன்னதில்லை. தஹானி அவள் கையைப் பிடித்துப் படகுக்குக் கூட்டிப்போனாள். படகு நகர்ந்ததும் அமானி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தண்ணியை எனக்குத் தெரியும்" என்றாள். கயிறுக்காரன் ஓரத்து இருக்கையில் இருந்தவரை எழுப்பிவிட்டான்.

பதினேழு வருடம் அப்படியே போனது. வீட்டில் கண்ணாடியின் ஆணியை மாற்றவே இல்லை; அமானிக்கு அந்த உயரம் சரியாக இருந்தது, தஹானியின் தலைக்குட்டையை அவள்தான் சரிசெய்தாள். குனிகிற வேலை ஒருத்திக்கு, எட்டி எடுக்கிற வேலை ஒருத்திக்கு. குளிர்காலத்தில் கம்பிகள் சில்லிட்டால் அமானி அந்த முதுகில் தன் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்தாள். இருவருக்கும் ஒரே வாரத்தில் நரைத்தது. ஷுக்ரியா ஓய்வு பெற்றாள், ஹில்மி ஓய்வு பெற்றார், ஹாலா என்ற இளம் பெண் தலைமை எழுத்தராக வந்தாள். அமானி பெயர் எழுதிய பிள்ளைகளே தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் படகில் வைத்து தஹானியின் இதயம் நின்றது. அவள் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்ததால் கரை வரும்வரை யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் இறப்புப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதியது அமானி. எழுதி முடித்து, வருகைப் பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு அதற்குக் கீழே, உடம்பை முடிந்தமட்டும் நிமிர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராகப் போய் நேராகவே நிற்கிற இன்னொரு கையெழுத்தைப் போட்டாள். ஹாலா பார்த்துவிட்டு, "செத்தவங்களுக்கு எப்படிம்மா வருகை போடுவீங்க?" என்று பயந்த குரலில் கேட்டாள்.

"அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா" என்றாள் அமானி. "நாற்காலியை சும்மா விட்டு வைக்கக் கூடாது."

தினமும் போட்டாள். நாற்பதாம் நாள் ஓதல் முடிந்த மறுநாள் பஷந்தி இறப்பு மேசையிலிருந்து காலிக் கோப்பையை எடுத்துப் போனான். அதற்கடுத்த வாரம், அப்பாவின் இறப்பைப் பதிய வந்த ஒரு மீனவனுக்கு, நிமிர்ந்த முதுகோடு நின்றபடி ஒரு பெண் எழுதிக் கொடுத்ததை வரிசையில் இருந்த ஒன்பது பேரும் பார்த்தார்கள். கூட்டம் குறைந்ததும் அமானி தலையணையை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போனாள். நின்றிருந்தவள் அவளை யாரென்று தெரியாமல் பார்த்து, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டாள். அமானி அவள் நாற்காலியில் தலையணையைச் சரியாக வைத்து, "அரை மணி ஆச்சு, உக்காரு" என்றாள். அவள் உட்கார்ந்தாள். பஷந்தி கொண்டுவந்த தேநீரைக் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அமானிக்கு வைக்க வேண்டிய இரண்டரைக் கரண்டித் தேநீரை மறந்துபோய் இவளுக்கு வைத்திருந்தான். "எனக்கு ஒரு கரண்டி போதும்னு எத்தனை தடவை சொல்றது" என்றாள். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு தேநீர் போடப் போனான்.